வாடகை செஸ்னாவில் காரைக்குடிக்கு மேலே: கண்மாய் பார்த்து வழி பிடித்தது

சேலத்தில் வாடகைக்கு எடுத்த விமானத்தைக் காரைக்குடி வரை ஓட்டி வந்து, ஊருக்கு மேலே வட்டம் போட்டு, திரும்பக் கொண்டுபோய் ஒப்படைத்தாயிற்று. போன சித்திரையில் தொடங்கிய வேலை, இந்தத் தையில் முடிந்தது. பறக்கிற ஆசையுள்ள நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காக விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது பிபிஎல், அதாவது தனியார் விமானி உரிமம். 17 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம், இவ்வளவும் சேர்ந்தால்தான் அது கைக்கு வரும். இதை வைத்துக்கொண்டு காசு வாங்கி யாரையும் ஏற்ற முடியாது. நம் ஆசைக்குப் பறக்கலாம், வீட்டு ஆட்களைக் கூட்டிப்போகலாம், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாமே என்று ஊரில் கேட்கிறார்கள். நிறுத்த இடம், இன்சூரன்ஸ், மெக்கானிக், வருஷாந்திரச் சோதனை என்று நின்றுகொண்டே தின்னும் செலவு அது. மாதத்தில் ஓரிரு மணி நேரம் பறக்கிறவனுக்கு வாடகைதான் தோது. நம் நாட்டில் இதற்கென்று தனியாகக் கடை போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்கள் பறக்காத நேரமாகப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். உரிமத்தைக் காட்டியதும் சாவியைத் தந்துவிட மாட்டார்கள். அவர்களுடைய இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது எப்படி மீட்கிறேன், என்ஜின் நின்றுபோனால் எந்த வயலைத் தேர்ந்தெடுக்கிறேன், குறுக்குக் காற்றில் எப்படி இறக்குகிறேன் என்று எல்லாம் பார்த்த பிறகுதான் சரி என்பார்.

எரிபொருளோடு சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ரூபாயில் ஐந்து இலக்கத் தொகை. என்ஜின் ஓடும் நேரத்துக்குத்தான் மீட்டர். வீட்டில் வரைபடத்தை விரித்து யோசிக்கும் நேரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை. அதனால் மேலே போய் யோசிக்க வேண்டிய எதையும் மிச்சம் வைக்காமல் தரையிலேயே யோசித்து முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். இந்தப் பொழுதுபோக்கில் என் நேரத்தில் பெரும்பகுதி வீட்டு முகப்பில், பென்சிலும் ஸ்கேலுமாகத்தான் போகிறது. அதிலும் எனக்கு ஆனந்தம் உண்டு.

நான் எடுப்பது செஸ்னா 172எஸ். நாலு இருக்கை, 180 குதிரைத்திறன். சித்திரையில் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தபோது முதலில் கண்ணில் பட்டது வெயிலின் வேலை. சேலம் ரன்வே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு வெப்பநிலை 13 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துத்தான் விமானத்தின் கணக்குகள் எல்லாம். அன்றைக்கு 38. ஒரு டிகிரி கூடினால் 120 அடி உயரம் கூடியது போல என்று போட்டால், 25 டிகிரிக்கு 3000 அடி. ஆக விமானத்தைப் பொறுத்தவரை அது 4000 அடி உயரத்து மெல்லிய காற்றில் நிற்கிறது. கடல் மட்டத்தில், 15 டிகிரியில் 960 அடி ஓடி எழும்பக்கூடியது, அன்றைக்கு அதைவிட நன்றாகவே அதிகம் ஓடியது. சேலத்து ரன்வே 6000 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஓட இடத்துக்குப் பஞ்சமில்லை. எழும்பிய பிறகு ஏறுகிற சோம்பலைத்தான் கவனிக்க வேண்டும். பக்கத்திலேயே மலைகள் நிற்கிற ஊர் அது.

அடுத்தது வழி. சேலத்திலிருந்து காரைக்குடிக்கு நேர்கோடு போட்டால் 111 கடல் மைல். ஆனால் அந்தக் கோடு கொல்லிமலையின் மேற்குச் சரிவை உரசிக்கொண்டு போகிறது. கொல்லிமலை 1300 மீட்டர் வரை உயர்கிறது, 4200 அடிக்கு மேல். போகிற திசைக்கான விதிப்படி நான் தேர்ந்த உயரம் 3500 அடி. ஆகவே மலையை இடது பக்கம் விட்டு நாமக்கல், அங்கிருந்து முசிறி பக்கம் காவிரி, திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி என்று வளைத்தேன். கூடுவது கொஞ்ச தூரம்தான்.

வழியில் அடையாளங்கள் குறிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. விமானத்தில் ஜிபிஎஸ் இருக்கிறது, அதைப் பார்க்கவும் செய்கிறேன். என்றாலும் கண்ணால் பார்த்து வழி பிடிக்கத் தெரியாமல் பறப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. திருச்சி வரை சிரமமே கிடையாது. நாமக்கல் கோட்டை ஒற்றைப் பாறையின் மேல் இருக்கிறது. காவிரியை யாரும் தவறவிட முடியாது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு, 236 அடி ராஜகோபுரம்.

புதுக்கோட்டைக்குத் தெற்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் கண்மாய். எல்லாம் ஒரே சாயல். சித்திரையில் இன்ஸ்ட்ரக்டரோடு புதுக்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனோம். வரைபடத்தில் நீலமாக இருந்ததெல்லாம் கீழே காய்ந்து கருவேலங்காடாகக் கிடந்தது.

“கண்மாயை நம்பாதீங்க சார், தண்டவாளத்தை நம்புங்க” என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

அவர் சொன்னது சரி. திருச்சியிலிருந்து வரும் ரயில் பாதை புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் என்று வந்து காரைக்குடி ஜங்ஷனில் இரண்டாகிறது. ஒன்று அறந்தாங்கி வழியாகத் திருவாரூருக்கு, இன்னொன்று தேவகோட்டை ரஸ்தா, கல்லல் வழியாக மானாமதுரைக்கு. அந்தப் பிரிவைப் பார்த்துவிட்டால் அதுதான் காரைக்குடி, மாற்றுப் பேச்சே இல்லை. வலது பக்கம் தூரத்தில் பிரான்மலை, கிட்டத்தில் குன்றக்குடி. இவையும் இடம் மாறாதவை.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது தேவகோட்டை அம்மான் ஒத்துக்கொள்ளவில்லை. விவசாயம் பார்க்கிறவர்.

“தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி என்னப்பா? கரை இருக்குல்ல? நம்ம பக்கம் தரை வடமேற்கே மேடு, தென்கிழக்கே பள்ளம். கரையைப் பள்ளத்துப் பக்கம்தான் போட்டிருப்பாங்க. அதைப் பாரு.”

அன்று ராத்திரியே செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஊர் ஊராகப் பார்த்தேன். வில் போல வளைந்த கரைகள், பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும். உட்குழிவு மேட்டைப் பார்த்தபடி. தண்ணீர் வற்றினாலும் கரை வற்றுவதில்லை. வயலுக்குப் பாய்ச்ச யாரோ எந்தக் காலத்திலோ வெட்டிய கண்மாய், மேலே போகிறவனுக்குத் திசை காட்டிக்கொண்டிருக்கிறது. ஊரணி வேறு மாதிரி. கோயிலை ஒட்டி, சதுரமாக, கல் படிக்கட்டோடு இருக்கும். வில்லாக இருந்தால் ஊருக்கு வெளியே வயல்காடு, சதுரமாக இருந்தால் ஊருக்குள் என்று பிரித்துக்கொள்ளலாம். கண்மாயின் பெயர் தெரியாவிட்டாலும், நான் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறேன் என்பது தெரிந்துவிடும். வழிக்குத் தண்டவாளம், திசைக்குக் கரை என்று இரண்டையுமே என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஆடி முழுக்கப் பறக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அந்த மாதத்தில் அடிக்கிற அடி எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போனது. தைதான் பொருத்தம். காற்று அமைதி, வெயில் மிதம், கண்மாய் நிறையத் தண்ணீர்.

அம்மானையும் அவர் பேத்தியையும் கூட்டிப்போவதென்று முடிவு செய்ததும் எடைக் கணக்கில் இறங்கினேன். எழும்புவதற்கு அனுமதித்த மொத்த எடை 1157 கிலோ. நான் எடுத்த விமானத்தின் காலி எடை 770 சொச்சம். முழு டாங்க் சுமார் 200 லிட்டர். லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 144 கிலோ. மிச்சம் சுமார் 240. நாங்கள் மூவரும் 215. நாலாவது இருக்கை இருக்கிறது, நாலாவது ஆளுக்கு எடை இல்லை. அந்த இடத்தில் தன் சிநேகிதியை உட்காரவைக்க பேத்தி கேட்டாள். கணக்கை அவளிடமே கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு அவளே வேண்டாம் என்றாள். போக, வர, மேலே சுற்ற என்று இரண்டரை மணி நேரம், மணிக்கு 37 லிட்டர் போட்டாலும் பாதி டாங்க் போதும்தான். எரிபொருள் மிஞ்சுவதில் எனக்கு வருத்தமில்லை, முழுக்கவே நிரப்பிக்கொண்டேன்.

பிளைட் பிளான் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கியாயிற்று. காலையில் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தேன். எண்ணெய் அளவு, டயர், இறக்கை மடிப்புகள். வேகம் அளக்கும் பிட்டாட் குழாயில் குளவி மண் வைத்திருக்கிறதா என்று பார்ப்பதை நம் ஊர் வெயிலில் விடவே கூடாது. டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். 100எல்எல் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியாக நிற்கும். அம்மான் குப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி விலகவில்லை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் 5 கிலோமீட்டராவது பார்வை தெரிய வேண்டும். எட்டு மணிக்கு மேல் தெளிந்தது, கிளம்பினோம். நாமக்கல், காவிரி எல்லாம் குறித்த நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின்னாக வந்தன. திருச்சி டவர் எங்களை ஒரு வழியாக அனுப்பியது. புதுக்கோட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் கண்மாய்கள் பளபளவென்று. “பாத்தியா, கரை எந்தப் பக்கம்?” என்று ஹெட்செட்டில் அம்மான் குரல். அத்தனை கரையும் அவர் சொன்ன பக்கம்தான்.

திருமயம் கோட்டைக்குப் பிறகு தண்டவாளத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு இறங்காமல் அப்படியே போனேன். கானாடுகாத்தான் வந்தது. தெருவிலிருந்து நம் வீடுகளைப் பார்த்தால் முகப்புதான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போதுதான் முழு நீளமும் தெரிகிறது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு, நாட்டு ஓட்டுக் கூரைக்கு நடுவே வளவு என்கிற முதல் முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு முற்றம், இப்படி வரிசையாகத் திறப்புகள். தெருக்கள் கட்டம் போட்டது போல நேராக ஓடுகின்றன. எத்தனையோ கல்யாணத்துக்குப் போய்வந்த ஊர், அதன் அமைப்பு எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் கிடக்கிறது. கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டையில் இருப்பவை போன்றதுதான். இறங்க முடியாது, மேலிருந்து பார்க்கலாம். அதைச் சீராக்கிச் சின்ன விமானங்களுக்காவது திறக்க வேண்டும் என்பது என் ஆசை. அடுத்தது கோட்டையூர். வள்ளல் அழகப்பர் பிறந்த ஊர். கல்லூரிகளுக்காகவும், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் கொடுத்ததற்காகவும் அவரை எல்லோரும் நினைக்கிறோம். இளவயதில் லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டப் படித்தவர் அவர், பின்னால் ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமே நடத்தினார் என்பதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் படிப்பது அழகப்பா பல்கலைக்கழகத்தில். அதுவரை அவள் அதைக் கேள்விப்பட்டதில்லை.

தண்டவாளம் பிரிகிற இடத்தில் இடது பக்கம் சாய்த்து, அகலமாக ஒரு வட்டம். பிறகு வடக்கே திரும்பி 4500 அடிக்கு ஏறினேன். பத்து மணிக்கு மேல் செம்மண் தரை சூடேறி விமானம் தூக்கிப்போடத் தொடங்கும், கண்மாய்த் தண்ணீருக்கு மேலே வந்தால் அடங்கும். சின்ன விமானத்தில் முதல்முறை வருகிறவர்களை அந்த நேரத்துக்கு முன்னால் தரை சேர்த்துவிடுவது நல்லது. நாங்கள் பனியால் தாமதமாகக் கிளம்பியதால் திருச்சிக்கு வடக்கே கொஞ்சம் குலுங்கியது. அம்மான் கம்பியைப் பிடித்துக்கொண்டார், பேச்சை நிறுத்தவில்லை.

மாசியில் இன்னொரு நாள் கேட்டிருக்கிறேன். இந்தமுறை காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி வரை தண்டவாளத்தோடு போய், அங்கிருந்து திரும்புவதாகத் திட்டம். பேத்தி மாணவர் விமானி உரிமத்துக்கு மருத்துவச் சோதனை எங்கே எடுப்பது என்று விசாரிக்கிறாள். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்கள் பட்டியலை அவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.