ஸ்ரீஹரிகோட்டாவுக்கு லீவ் போடுவது எப்படி

இந்தப் பொங்கல் லீவுக்கு ஊட்டியும் வேண்டாம், கொடைக்கானலும் வேண்டாம், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. டிவியில்தான் காட்டுகிறார்களே, அதற்கு எதற்கு மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டார். நான் ஏற்கெனவே நேரில் பார்த்தவன். அந்த வெளிச்சமும் சத்தமும் எந்தத் திரையிலும் வராது என்று சொல்லிச் சொல்லி அவரையும் கிளப்பிவிட்டேன். தேதி லீவுக்குள் விழாவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது என்றும் பேசியாகிவிட்டது.

முதலில் எந்த ராக்கெட் என்று தீர்மானிக்க வேண்டும். எல்லோரும் சந்திரயான் மாதிரி பேர் பெற்றதற்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலே எந்தச் செயற்கைக்கோள் உட்கார்ந்திருக்கிறது என்பது கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. தெரிவது ராக்கெட்டின் பலமும் அது கிளம்பும் நேரமும்தான். இஸ்ரோ வழக்கமாக விடும் பிஎஸ்எல்வி 44 மீட்டர் உயரம், 320 டன் எடை. அவர்களுடைய பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3 உயரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு, எடை மட்டும் 640 டன். தரையில் பற்றுவது அதன் இரு பக்கத்து பூஸ்டர்கள் மட்டுமே, ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் திட எரிபொருள். நடுவில் இருக்கும் திரவ எரிபொருள் எஞ்சின்கள் மேலே போய், இரண்டு நிமிடம் ஆவதற்குச் சற்று முன்புதான் பற்றும். அதனால் வாய்த்தால் எல்விஎம்-3. அது அடிக்கடி கிளம்புவதில்லை என்பதால் பிஎஸ்எல்வி கிடைத்தாலும் விடப்போவதில்லை.

நேரம் அதைவிட முக்கியம். நடுப்பகலில் வெயில் பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். இரவில் தீப்பிழம்பு பிரமாதமாகத் தெரியும். 2024 டிசம்பர் 30 அன்று விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்துப் பார்க்கும் ஸ்பேடெக்ஸைக் கொண்டுபோன பிஎஸ்எல்வி-சி60 இரவு 10 மணிக்குக் கிளம்பியது. என்னைக் கேட்டால் இரண்டையும் விட, விடிவதற்குக் கொஞ்சம் முன்போ பொழுது சாய்ந்த கையோடோ கிளம்பும் ராக்கெட்தான் பார்க்க வேண்டியது. தரையில் இன்னும் இருட்டாக இருக்கும், ஆனால் உயரத்தில் போகும் புகை மேல் வெயில் விழுந்து மினுங்கும். 2025 ஜனவரி 29 காலை 6.23-க்குப் போன ஜிஎஸ்எல்வி-எஃப்15, ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவுதல், அப்படிப்பட்ட நேரத்தில்தான் போனது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேகத்துக்குள் புகுந்து மறைந்துவிடும் வாய்ப்பு அதிகம். தை, மாசி வானம் எவ்வளவோ தேவலை.

இனி தேதி. திட்டம் போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும், ராக்கெட்டின் உறுதியான தேதியோ பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். தெரிந்த தேதியும் மாறும். சந்திரயான்-2, 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்குப் போயிருக்க வேண்டியது. 56 நிமிடம் பாக்கி இருக்கும்போது நிறுத்தினார்கள், ஒரு வாரம் கழித்து 22-ஆம் தேதிதான் போனது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யானுக்கான சோதனை ராக்கெட், 2023 அக்டோபர் 21, காலை 8 மணி என்றார்கள், 8.45 என்றார்கள், ஐந்து நொடி இருக்கும்போது கணினியே நிறுத்தியது, கடைசியில் 10 மணிக்குப் போனது. நிறுத்தியதும் மூட்டை கட்டியவர்களுக்கு அது இல்லாமல் போயிருக்கும். அதனால் ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டமே கூடாது என்பது என் கட்சி. நாங்கள் பெரம்பூரில் அத்தை வீட்டில் தங்குகிறோம், திரும்ப டிக்கெட் போடவில்லை, பஸ்ஸில் வந்துகொள்ளலாம். அத்தையிடம், ராக்கெட் எப்போது போகிறதோ அப்போதுதான் நாங்களும் போவோம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம்.

சென்னையிலிருந்து நெல்லூர் நெடுஞ்சாலையில் வடக்கே 80 கிலோமீட்டர் சொச்சம் போனால் சூலூர்பேட்டை. சென்ட்ரலிலிருந்து ரயில் உண்டு, மாதவரத்திலிருந்து நெல்லூர் போகும் பஸ்களிலும் போகலாம். சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே, பழவேற்காடு ஏரியைக் குறுக்காகக் கடக்கும் சாலையில் போனால் ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கே பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க 2019-இல் ஒரு கேலரி திறந்தார்கள், ஸ்டேடியம் மாதிரி படிப்படியாக இருக்கை, பெரிய திரைகள். கட்டணம் கிடையாது. ஆனால் இணையத்தில் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள், பதிவு திறந்ததும் மளமளவென்று தீர்ந்துவிடும். இஸ்ரோவின் அறிவிப்புகளை அன்றாடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோருடைய அடையாள அட்டை எண்ணும் கையில் தயாராக இருக்கட்டும், அசலையும் எடுத்துப் போங்கள்.

பதிவு கிடைக்காவிட்டால்? பழவேற்காடு கடற்கரை இருக்கிறது. ஏவுதளத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே. ராக்கெட் அன்று மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிப்பார்கள், அவர்களுக்கு அது ஒரு நாள் பிழைப்பு. நாம் வேடிக்கை பார்க்கப் போகும் இடம் அவர்கள் ஊர் என்பது நினைவில் இருக்க வேண்டும். அங்கிருந்து தீக்கோடு நன்றாகத் தெரியும். சத்தம் வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும், காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் வராமலும் போகலாம்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் கேலரிக்கு அடித்துப் பிடித்துப் போகச் சொல்கிறேன். நான் பார்த்தது சந்திரயான்-3, 2023 ஜூலை 14, பிற்பகல் 2.35. கவுண்ட்டவுன் பூஜ்யத்துக்கு வந்ததும் மரங்களுக்கு மேலே முதலில் வெள்ளைப் புகை பொங்கியது, அதற்குள்ளிருந்து ராக்கெட் எழுந்தது, நிதானமாக, சத்தமே இல்லாமல். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி எடுக்கும், அதனால் அந்த முதல் நொடிகளில் கேட்பதெல்லாம் சுற்றியிருக்கும் ஜனங்களின் கூச்சல்தான். அப்புறம் அது வந்தது. பத்தாயிரம் வாலாவை நெஞ்சுக்குள் வைத்துக் கொளுத்தியது போல படபடவென்று, கையிலிருந்த தண்ணீர் பாட்டில் அதிர்வது விரல்களுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு அம்மா கைகூப்பியபடி அழுதுகொண்டிருந்தார். எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட நல்ல படம் இஸ்ரோ போடும், நீங்கள் கண்ணால் பாருங்கள்.

தள்ளிப்போனால் பிள்ளைகளை என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. தை மாதத்தில் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இறங்கியிருக்கும், சூலூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். அதற்கே ஒரு நாள் தாராளமாகப் போகும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கை மேல் பறக்காமல் இருக்க முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே வளைய வேண்டியிருக்கிறது. அந்த வளைவுக்கே எரிபொருள் செலவாகும், எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேராகத் தெற்கே விட்டுவிடலாம், எதிரே கடல்தான். அங்கே முதல் ராக்கெட் கிளம்பும்போது திருச்செந்தூரில் ரூம் போட்டுக்கொள்ளலாம் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார், முருகனையும் பார்த்த மாதிரி ஆச்சாம்.