மழைக்கு முன் மாற்று சர்வர்: வேலை நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

சென்னை அலுவலகத்தின் சர்வர் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில், யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் சர்வரும் ஒரே தளத்தில் இருந்தால் மூன்றும் சேர்ந்தேதான் போகும் என்பதை விளக்கவே வேண்டியதில்லை. முதன்மை சர்வர் விழுந்தால் அதன் இடத்தில் நிற்கும் மாற்று சர்வரைக் கோயம்புத்தூர் கிளையில் வைப்பதாக முடிவு.

வன்பொருளைப் பேசுவதற்கு முன் கணக்குப் பிரிவிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கியாயிற்று. எத்தனை நிமிடப் பதிவு போனால் தாங்கலாம்? ஐந்து. எத்தனை மணி நேரத்துக்குள் பில்லிங் மறுபடி ஓட வேண்டும்? இரண்டு. 'ஒன்றுகூடப் போகக் கூடாது' என்றிருந்தால், ஒவ்வொரு பதிவும் கோவைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே இங்கே சேமிப்பு முடிய வேண்டும். ஒரே ஒரு மாற்று சர்வரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால், நடுவில் லைன் போன நொடியில் சென்னையில் பில் போடுவதும் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாங்கும் என்பதால் அசிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனே, அதாவது இங்கே சேமித்துவிட்டுப் பின்னாலேயே கோவைக்கு நகலை அனுப்பும் முறையே, போதும்.

ஆகஸ்ட் 6, புதன்

முதன்மை சர்வரில் உபுண்டு 22.04 இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தள மென்பொருள், 64 ஜிபி ரேம். மாற்று இயந்திரத்திலும் அதே உபுண்டு, அதே போஸ்ட்கிரெஸ். போஸ்ட்கிரெஸின் பெரிய பதிப்பு எண் (15, 16 போல) வேறுபட்டால் ரெப்ளிகேஷன் ஓடவே ஓடாது. அது உடனே தெரிந்துவிடும். ஆபத்து சத்தமில்லாத இடத்தில் இருக்கிறது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிலிருந்து வருகிறது, அந்த விதி 2.28 பதிப்பில் பெரிதாக மாறியது. ஒரு பக்கம் உபுண்டு 18.04, மறுபக்கம் 22.04 என்று வைத்தால் நகல் ஒழுங்காக ஓடுவது போலவே தெரியும். மாற்று சர்வரை முதன்மையாக்கிய பிறகுதான், இருக்கிற வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் 'இல்லை' என்று வரும். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் பழைய வரிசையில் கட்டியது, தேடல் புதிய வரிசையில் நடக்கிறது.

டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து ஒட்டுவதையும் தவிர்த்தோம். ஹோஸ்ட் பெயர், நிலையான ஐபி, எஸ்எஸ்ஹெச் சாவி, மெஷின் ஐடி எல்லாம் இரட்டைப் பிள்ளைகளாக வந்து நிற்கும். புதிதாக நிறுவி, பேக்கேஜ் பட்டியலை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே சுத்தம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தரவுத்தளம் 180 ஜிபி. கோவைக்கு உள்ள 50 எம்பிபிஎஸ் லைனில் முதல் நகல் எடுக்க, லைன் முழுதும் நமக்கே கிடைத்தாலும் எட்டு மணி நேரம். அதனால் இரண்டு இயந்திரத்தையும் சென்னையில் ஒரே கிகாபிட் ஸ்விட்சில் போட்டு நகல் எடுத்து, பிறகு பெட்டி கட்டி அனுப்புகிறோம்.

வால் என்பது தரவுத்தளம் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவு. முதன்மையில் 'வால் லாக் ஹின்ட்ஸ்' அமைப்பை ஆன் செய்து ரீஸ்டார்ட். பின்னால், விலகிப்போன பழைய முதன்மையைப் புதியதோடு ஒத்துப்போக வைக்கும் பிஜி_ரீவைன்ட் கருவி தேவைப்பட்டால் இது முன்கூட்டியே ஆனில் இருந்திருக்க வேண்டும் (தரவுத்தளத்தை உருவாக்கியபோது பிழை காட்டும் செக்சம் போட்டிருந்தால் தேவையில்லை, இதில் இல்லை). மாற்றில் தரவு அடைவைக் காலி செய்த பிறகு, முழு நகல் எடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் கட்டளை.

'காலி செய்' என்ற அந்தப் படியில் நிதானம் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் ரெப்ளிகேஷனைச் சரிசெய்யும்போது, மாற்று சர்வரில் அழிக்க வேண்டிய அடைவு முதன்மையில் அழிக்கப்பட்டது. சுமார் 300 ஜிபி போய், ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகலிலிருந்துதான் மீண்டார்கள். இங்கே முதன்மையின் டெர்மினல் சிவப்பு, மாற்று பச்சை. அழிக்கும் கட்டளைக்கு முன் ஹோஸ்ட் பெயரை ஒருவர் படிக்க, இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும்.

உபுண்டுவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கான்ஃபிக் கோப்புகள் தரவு அடைவுக்கு வெளியே இருப்பதால் பேஸ்பேக்கப் அவற்றைக் கொண்டுவராது. முதன்மையில் அதிகபட்ச இணைப்பு 300, மாற்றில் இயல்பான 100 என்றிருந்தால் மாற்று எழவே மறுக்கும். கையால் நகலெடுத்தாயிற்று.

பெட்டி வண்டியில் இருக்கும் நாட்களில் முதன்மை தன் மாற்றப் பதிவுகளை, அதாவது வால் கோப்புகளை, ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுக்காக (மாற்று எதுவரை வாங்கியது என்ற குறிப்பு) சேர்த்து வைக்கும். இங்கே நாளுக்கு ஏறத்தாழ 12 ஜிபி. ஸ்லாட்டுக்கு வரம்பே வைக்காவிட்டால் டிஸ்க் நிரம்பி முதன்மையே நின்றுவிடும். உச்சவரம்பு 100 ஜிபி. அதைத் தாண்டினால் மாற்று பயனற்றுப் போகும், மறுபடி நகல் எடுக்க வேண்டும். அந்த இழப்பு பரவாயில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கோவையில் விபிஎன் வழியாக இணைந்தது. புதிய ஐபியை முதன்மையில், யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் சேர்த்ததும், தேங்கியிருந்தது முழுதும் மாலைக்குள் வந்து சேர்ந்தது.

மாற்று எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை 'கடைசியாகப் பதிந்த நேரத்திலிருந்து எத்தனை வினாடி' என்று அளந்தால் இரவெல்லாம் பொய் அலாரம் அடிக்கும். பரிவர்த்தனையே இல்லாதபோதும் அந்த எண் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு சர்வரின் வாலுக்கும் இடையிலான பைட் வித்தியாசத்தைப் பார்க்கிறோம்: 100 எம்பிக்கு மேல் பத்து நிமிடம் நின்றால் எஸ்எம்எஸ்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தரவுத்தளம் எளிய பகுதி. அதற்கு வெளியே கிடப்பவைதான் அவசர நாளில் காலை வாரும். பில் ஸ்கேன் கோப்புகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் வழியாகக் கோவைக்கு. டெலீட் ஆப்ஷன் இல்லாமல், இல்லையென்றால் சென்னையில் அழிந்தது கோவையிலும் அழியும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் எல்லாம் நகலாகின்றன, ஆனால் முடக்கிய நிலையில். இரண்டு சர்வரும் சேர்ந்து ஓட்டினால் வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் இரண்டிரண்டாகப் போகும். இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ், யுஎஸ்பி டாங்கிள் கேட்கும் மென்பொருளின் இரண்டாம் உரிமம் ஆகியவையும் கோவையில் வேண்டும். வங்கியின் பணப்பட்டுவாடா ஏபிஐ, பதிவு செய்த ஐபியிலிருந்து மட்டுமே ஏற்கும். கோவை ஐபியைச் சேர்க்கக் கடிதம் போயிருக்கிறது. சர்வர் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸின் டிடிஎல், அதாவது பழைய பதிலை நினைவில் வைக்கும் நேரம், ஒரு நாளிலிருந்து 300 வினாடியாகக் குறைத்தாயிற்று.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாற்று சர்வர் பேக்கப் ஆகாது. யாராவது நிபந்தனை போடாமல் ஒரு அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் சில வினாடிகளில் கோவைக்குப் போய்விடும். ஆகவே வாரம் ஒரு முழு பேக்கப், கூடவே வால் கோப்புகளின் ஆர்க்கைவ், இரண்டும் மூன்றாம் இடத்தில். இன்று அதிலிருந்து மீட்டு வேறு இயந்திரத்தில் திறந்தோம், திறந்தது.

ஆகஸ்ட் 23, சனி

ஒத்திகை. சென்னையில் செயலியை நிறுத்தி, போஸ்ட்கிரெஸை முறையாக மூடி, கடைசி வால் இடம் இரண்டிலும் ஒன்றே என்று பார்த்த பிறகு கோவையில் ப்ரமோட், அதாவது மாற்றை முதன்மையாக்குதல். அது வினாடிகளில் முடிந்தது. செயலியை எழுப்பி, டிஎன்எஸ் மாற்றி, முதல் சோதனை பில் போட 50 நிமிடம். நேரத்தைத் தின்றவை, பழைய ஐபியை நேரடியாக எழுதிவைத்திருந்த இரண்டு பிரிண்டர் ஸ்க்ரிப்டுகள்.

முக்கியமான ஒன்று: பில் எண் தாவியது. எண்களை வரிசையாகத் தரும் போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் ஒரே மூச்சில் 32 எண்களை முன்பதிவாக வாலில் எழுதுகிறது; மாற்று சர்வருக்குத் தெரிவது அந்த முன்பதிவின் கடைசி எண்தான். சாதாரண ஐடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஜிஎஸ்டி விதி 46, பில்லுக்குத் தொடர் வரிசை எண் கேட்கிறது. எனவே ப்ரமோட் செய்த உடனே, பில் அட்டவணையின் உச்ச எண்ணை எடுத்து சீக்வென்ஸைத் திருப்பி வைப்பது செயல்முறைத் தாளில் தனிப் படி. விபத்தில் ப்ரமோட் ஆனால் அது மட்டும் போதாது: கோவைக்கு வராமலே போன கடைசிச் சில பில்கள் வாடிக்கையாளர் கையில் அச்சாக இருக்கும். அந்த எண்கள் மறுபடி வரக் கூடாது. பில் கவுன்டரில் கடைசியாக அச்சான எண்ணைக் கேட்டு, அதற்கடுத்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று சென்னைக்கே திரும்பியது. முறையாக மூடியதால் பழைய முதன்மை, ரீவைன்ட் இல்லாமலே கோவையின் பின்னால் மாற்றாகச் சேர்ந்துகொண்டது. மின்சாரம் திடீரென்று போயிருந்தால் பிஜி_ரீவைன்ட் வேண்டியிருக்கும். ஸ்லாட்டுகள் தாமாக நகலாவதில்லை. புதிய முதன்மையில் புதிதாக உருவாக்க வேண்டும், பழையதில் கிடக்கும் ஸ்லாட்டை நீக்க வேண்டும். விட்டுவைத்தால் அது யாருக்கென்று தெரியாமல் வால் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

தானியங்கி மாற்றம் வைக்கவில்லை. இரண்டே இயந்திரம் இருக்கும்போது, எதிரில் இருப்பது செத்ததா, லைன் அறுந்ததா என்று எதற்கும் தெரியாது. இரண்டும் 'நானே முதன்மை' என்று பில் போட ஆரம்பித்தால் பிரித்தெடுக்க முடியாது. முடிவை இருவர் பேசி எடுக்க வேண்டும். அதே காரணத்தால் மின்சாரம் திரும்பியதும் சென்னை போஸ்ட்கிரெஸ் தானாக எழாதபடி சர்வீஸ் முடக்கப்பட்டுள்ளது. கோவை இன்னும் மாற்றுதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்க்ரிப்ட் அதை எழுப்பும். கோவை பதில் சொல்லாவிட்டால் எழுப்பாது. ஆள்தான் எழுப்ப வேண்டும்.

மீதி: வங்கியின் ஐபி உறுதிக் கடிதம், பிரிண்டர் ஸ்க்ரிப்ட் திருத்தம், செயல்முறைத் தாளின் அச்சுப் பிரதி இரண்டு ஊரிலும். அடுத்த ஒத்திகை செப்டம்பர் 27 சனி, முன்னறிவிப்பில்லாமல் சென்னை மின் இணைப்பைத் துண்டித்து.