லாக்புக்கில் ஒரு 1.4

“அப்ப நீங்க உங்க லாக்புக்குல இருந்து சேஃப்டி பைலட் மணியைக் கழிச்சுட்டீங்களாண்ணா?” என்று அந்தத் தம்பி கேட்டார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. பீளமேட்டில் ஒரு பேக்கரியில், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, நான் செய்தது போலவே தானும் செய்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் கேட்டார். “அது வேற காலமுங்க தம்பி” என்று சொல்லிவிட்டேன். நான்கு மாதங்களாக அந்தப் பதிலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலம் ஒன்றும் மாறிவிடவில்லை. 2014-இல் நான் அரிசோனாவில் பயிற்சி எடுத்தபோது இருந்த விதிதான் அவர் அங்கே பறந்தபோதும் இருந்தது.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பையன். அமெரிக்காவில் வணிக விமானி உரிமம் வாங்கிக்கொண்டு, அதை நம் நாட்டு உரிமமாக மாற்றுவதற்காக, பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கோடு வந்திருந்தார். மொத்தம் 258 மணி. அதில் 64 மணி சேஃப்டி பைலட்டாக, அதாவது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகுகிறவருக்காக வெளியே பார்த்துக்கொள்பவராக, உட்கார்ந்து வந்தது. அத்தனையும் பிஐசி, அதாவது பொறுப்பு விமானி, என்ற பத்தியில் ஏறியிருந்தது. அதைக் கழித்தால் மொத்தம் 194, பிஐசி 84. இங்கே வணிக உரிமத்துக்கு மொத்தம் 200 மணியும், அதில் 100 மணி பிஐசியும் வேண்டும். ஆகவே அவர் கேட்ட கேள்வி வெறும் நேர்மை பற்றியது அல்ல, இன்னும் 16 மணி நேரம் காசு கொடுத்துப் பறப்பதா வேண்டாமா என்பது பற்றியது. மணிக்குப் பதினைந்தாயிரம் என்று வைத்தாலும் 2,40,000 ரூபாய் ஆகிறது.

விதியில் ஒளிவுமறைவு இல்லை. வெளிப்பார்வையை மறைக்கும் ஹூட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகுகிறவருக்கு வெளியே என்ன வருகிறதென்று தெரியாது என்பதால், பக்கத்து இருக்கையில் அந்த வகை விமானத்துக்குத் தகுதி பெற்ற இன்னொரு விமானி இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க விதி 91.109 சொல்கிறது. அந்த இரண்டாமவர் சட்டப்படி தேவைப்படுகிறவர் ஆகிவிடுவதால், அவரும் நேரம் எழுதிக்கொள்ளலாம் என்று 61.51 அனுமதிக்கிறது. பறப்பின் பொறுப்பை ஏற்பதாக முன்கூட்டியே பேசிக்கொண்டால் பிஐசி, இல்லையென்றால் துணை விமானி. ஹூட் போட்டவரோ கண்ட்ரோலைத் தனியாகக் கையாண்டவர் என்ற முறையில் தன் புத்தகத்தில் பிஐசி எழுதிக்கொள்வார். ஒரே விமானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பிஐசி எப்படி என்று இங்கே பலரும் சிரிப்பார்கள். பொறுப்பில் இருப்பது வேறு, நேரம் எழுதுவது வேறு என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஹூட் தலையில் இருக்கும் நேரம் மட்டுமே சேஃப்டி பைலட்டின் கணக்கில் சேரும். மேலேறும்போதும் இறங்கும்போதும், கணக்கைப் பொறுத்தவரை, அவர் வெறும் பயணிதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தம்பியிடம், “சட்டம் ஒத்துக்குமுங்க, ஆனாலும் இங்க மாத்தும்போது கழிச்சுக் காட்டிருங்க, நாளைக்கு ஒரு கேள்வி வரக்கூடாது பாருங்க” என்றேன். நல்ல அறிவுரை என்றுதான் அப்போது நினைத்தேன். பறக்காத மணிகளைப் பறந்ததாகக் காட்டியவர்கள் மீது 2011-இல் வழக்குகள் பாய்ந்ததும், அதன் பிறகு லாக்புக் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் வந்ததும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு எழுதிய மணியை அந்தப் பொய்களோடு சேர்த்து வைத்துப் பேச எனக்கு என்ன உரிமை இருந்தது என்று யோசித்தால் பதில் வரமாட்டேன் என்கிறது.

என் லாக்புக்கில் சேஃப்டி பைலட் நேரம் 41.3 மணி. நானும் கோபிப் பக்கத்து நண்பன் ஒருவனும் ஒரு செஸ்னா 172-ஐ வாடகைக்கு எடுத்து, மணிக்கு 130 டாலரை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டு, போகும்போது அவன் ஹூட், வரும்போது நான் ஹூட் என்று மாற்றி மாற்றிப் பறந்தோம். காங்கயத்தில் அப்பா தோட்டத்தை அடமானம் வைத்து அனுப்பிய பணம் அது. பாதி விலைக்கு முழு மணி கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று ஏர்பஸ் 320-இன் இடது இருக்கையில் கேப்டனாக உட்காரும் எனக்கு, ஆறாயிரம் மணிக்கு மேல் சேர்ந்துவிட்ட பிறகு, அந்த 41 மணி பெருங்காய வாசம் அளவுகூட இல்லை. அன்றைக்கு அது என் மொத்தக் கணக்கில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

அந்த மணிகளில் நான் ஒன்றும் கற்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு நாள் நண்பன் ஹூட்டோடு இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது, சூரியன் அடிக்கும் பக்கத்திலிருந்து ஒரு விமானம், முதலில் கண்ணாடியில் ஒட்டிய பூச்சி போல, அசையாமல், பிறகு திடீரென்று இறக்கையும் சக்கரமுமாகப் பெரிதாகி வந்தது. “விடுடா, நான் புடிச்சுக்கறேன்” என்று கண்ட்ரோலை வாங்கி வலப்பக்கம் சாய்த்து இறக்கினேன். மோதப்போகும் விமானம் கண்ணாடியில் இடம்பெயராது என்று படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மொத்தமே பத்து நொடி. லாக்புக்கில் எழுதக்கூடிய மிகச் சிறிய அளவு 0.1, அதாவது ஆறு நிமிடம். உண்மையாகவே நான் பொறுப்பில் இருந்த அந்தப் பத்து நொடிக்கு அதில் இடமில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு மாலை, அவன்தான் ஹூட். சூப்பர்ஸ்டிஷன் மலைக்கு அருகே வெயில் சாய்ந்து பாறையெல்லாம் செம்பு நிறமானபோது, “நம்ம ஊதியூர் மலையாட்டவே இருக்குது, நீயும் பார்ரா” என்று நான் சொன்னேன். அவன் ஹூட்டைக் கழற்றி மடியில் வைத்தான். அரை மணி நேரம் அப்படியே சுற்றினோம். இறங்கியபோது மீட்டரில் 1.7. ஏற்ற இறக்கத்துக்கு வழக்கம்போல 0.3 கழித்து 1.4 என்று எழுதினேன். எழுதியிருக்க வேண்டியது 0.9. அப்போது அது தோன்றவே இல்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றது நினைவிருக்கிறது.

அரை மணி. இதற்காகவா இத்தனை வருத்தம் என்று என் மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சர்வதேச விதிகளே இதில் தடுமாறுகின்றன. ஒருவர் மட்டும் ஓட்டப் போதுமான விமானத்தில் ஒரு நாட்டின் விதி துணை விமானியையும் கேட்டால், அந்தத் துணை விமானி நேரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் உயர்நிலை உரிமத்துக்குக் கணக்கில் சேராது என்று சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு சொல்கிறது. பாதி என்று அவர்கள் எதை அளந்து முடிவு செய்தார்களோ, என் 41 மணியில் எந்தப் பாதி என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மணி எண்ணிக்கை தகுதியைச் சொல்லிவிடுகிறதா என்பதும் தனிக் கேள்வி. 2009-இல் பஃபலோ அருகே 50 பேர் இறந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்கா துணை விமானிகளுக்கும் பொதுவாக 1500 மணி என்ற வரம்பைக் கொண்டுவந்தது. அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1500-ஐத் தாண்டியவர்கள். ஆனால் இந்த வாதத்தை நான் யாருக்காக எடுத்துவைக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

அந்தத் தம்பி சென்ற வாரம் செய்தி அனுப்பியிருந்தார். “நீங்க சொன்ன மாதிரியே கழிச்சுட்டனுங்கண்ணா. மீதி 16 மணிக்கு அப்பா பணம் பொரட்டீட்டு இருக்கறாரு.” நான் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினேன்.

அன்றிரவு கோபி நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் பறப்பதை விட்டுவிட்டு ஈரோட்டில் மஞ்சள் மண்டி பார்க்கிறான். ஹூட் போட்டுப் பறப்பவர் தன் லாக்புக்கில் சேஃப்டி பைலட்டின் பெயரை எழுதவேண்டும் என்பதும் விதி. ஆகவே அந்த மாலைக்கு நேராக என் பெயரும், கருவிப் பறப்புப் பத்தியில் அவன் போட்ட எண்ணும் அவன் புத்தகத்தில் இருக்கும். அந்த எண்ணும் என் எண்ணும் ஒன்றாகத்தான் இருந்தாகவேண்டும். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

“அது அட்டாலில கெடக்குதுடா. எறக்கிப் பாக்கட்டா?” என்றான். பின்னால் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் கேட்டது.

“வேண்டாம், சும்மாதான் கேட்டேன்” என்றேன். பிறகு மஞ்சள் விலை பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.