மூன்று முறை புகைப் பரிசோதனையும் ஓர் இலக்கப் பிழையும்

என்னுடைய காரின் வருமான அனுமதிப்பத்திரம், அதாவது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பத்திரம், மார்ச் 28 ஆம் திகதியுடன் முடிவடைய இருந்தது. புதுப்பிக்கப் புகைச் சான்றிதழும் காப்புறுதிச் சான்றிதழும் வேண்டும். ஒன்பது நாட்கள் தாராளமாகப் போதும் என்று நம்பி 19 ஆம் திகதி புகைப் பரிசோதனைக்குப் புறப்பட்டேன். புதிய பத்திரம் கையில் கிடைத்தது 28 ஆம் திகதி பிற்பகலில், அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்னர். இடைப்பட்ட நாட்களில் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு நான்கு தடவைகள் போய் வந்தேன். பாடசாலையில் ஒன்றரை நாள் லீவு எடுத்தேன். கல்லடிப் பாலத்தின் நடுவில் ஒரு பஸ் வண்டிக்கு முன்னால் எஞ்சின் நின்று, நடுங்கிக்கொண்டு இருந்தேன். இவற்றுள் பெரும்பாலானவை நடந்திருக்கவே தேவையில்லை. பழைய பெற்றோல் கார் வைத்திருக்கும் ஒருவருக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி, காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டர் இருந்த காலத்து மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். ஒவ்வொரு நாளும் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள பாடசாலைக்குப் போய் வருகிறது. மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: பெரும்போக அறுவடை நடக்கும்; வெட்டு மெசின்கள் வயலிலிருந்து கிளப்பும் வைக்கோல் தூசு வீதிக்கு மேலே திரையாக நிற்கும்; வீதியின் பாதி அகலத்தில் நெல் காயும். வீட்டுக்கு வந்தாலோ கடற்கரை அரை மைலுக்குள் இருக்கிறது, இரவெல்லாம் உப்புக் காற்று. தூசும் உப்பும் சேர்ந்து வண்டியின் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தன என்பதை நான் தீபாவளிக்கு முந்திய சர்வீசுக்குப் பிறகு திறந்து பார்க்கவில்லை. வண்டி ஓடியது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

முதல் நாள் பாடசாலை விட்டு நேரே பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினொரு வாகனங்கள் நின்றன. பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தேன். என் முறை வந்ததும் ஒரு இளைஞர் புகைக்குழாய்க்குள் கருவியின் குழலைச் செருகினார். முதலில் வண்டி சும்மா நிற்கும் வேகத்திலும், பிறகு நிமிடத்துக்கு 2500 சுற்று (ஆர்.பி.எம்.) வேகத்திலும் அளந்தார். "பெயில், ரீச்சர்" என்றார். என்ன குறை என்று கேட்டதற்கு, கராச்சில் கேட்டால் சொல்வார்கள் என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைக் கைகாட்டி அழைத்தார். அளவுகள் அச்சடித்த தாளைக்கூட நான் இரண்டு முறை கேட்ட பிறகே தந்தார். அந்தத் தாளைக் கேட்காமல் யாரும் அங்கிருந்து வர வேண்டாம். வண்டிக்கு என்ன நோய் என்பதைச் சொல்லும் தாள் அது ஒன்றுதான். அதை வாசித்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை என்பதே எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

தாளில் காபன் மொனொக்சைட்டு அனுமதித்த அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருந்தது. அருகில் இருந்த ஒரு கராச்சில் காட்டினேன். அங்கிருந்தவர் தாளை ஒரு பார்வை பார்த்தார், பொனட்டைத் திறந்தார், காபரேட்டரில் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் கலவைத் திருகாணியைத் திருப்புளியால் இறுக்கினார், பத்து நிமிடத்தில் பணம் வாங்கிக்கொண்டு "இனிப் பாஸாகும்" என்றார். எயார் பில்டரின் மூடியை அவர் தொடவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் வண்டி சிக்னல்களில் நிற்கும்போது குலுங்கியதையும் புதிய திருத்தம் பழக வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

21 ஆம் திகதி மீண்டும் போனேன், மீண்டும் தோல்வி. இம்முறை காபன் மொனொக்சைட்டு எல்லைக்குள் இருந்தது, ஐதரோகாபன் எகிறியிருந்தது. திரும்பி வருகையில்தான் கல்லடிப் பாலத்தில் எஞ்சின் நின்றது. பின்னால் கல்முனைப் பஸ் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. அபாய விளக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஓடிவந்த வேகத்தைக் கொண்டே வண்டியை இடது ஓரத்துக்கு உருட்டினேன். அந்தக் கணத்தில் செய்யத்தகாதது ஒன்று உண்டு: பிரேக்கைப் பதற்றத்தில் திரும்பத் திரும்ப மிதிப்பது. பூஸ்டர் உள்ள வண்டிகளில் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் ஓடும் எஞ்சினிலிருந்து கிடைக்கிறது. எஞ்சின் நின்றபின் ஒன்றிரண்டு மிதிகளுக்கே அது மிஞ்சியிருக்கும், அதற்குப் பிறகு பிரேக் கல்லைப்போல் இறுகிவிடும். ஆகவே ஒரே மிதியாக, விடாமல் அழுத்தி நிறுத்த வேண்டும். திறப்பை முழுவதும் அணைத்து வெளியே இழுத்துவிடவும் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, பின்னால் நின்று வாகனங்களை விலக்கிவிட்டார். ஐந்தாவது தடவை திறப்பைத் திருப்பியபோது எஞ்சின் எடுத்தது.

அன்றிரவு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த இரண்டு அளவுகளின் பொருளை முதலிலேயே விளங்கிக்கொண்டிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். காபன் மொனொக்சைட்டு கூடினால் எஞ்சினுக்குள் பெற்றோல் அதிகம், காற்றுப் போதவில்லை என்று பொருள். அடைபட்ட பில்டர், முழுதாகத் திறக்காத சோக் (ஆறிய எஞ்சினை எடுக்கக் காற்றைக் குறைக்கும் தகடு), காபரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் ஏறியிருப்பது என்பன வழக்கமான காரணங்கள். ஐதரோகாபன் கூடினால் பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது என்று பொருள்; பிளக், பிளக் வயர், தீப்பொறி விழும் நேரம், சிலிண்டரின் அழுத்தம் என்பவற்றைப் பார்க்க வேண்டும். பெற்றோல் குறைந்து கலவை அளவுக்கு மீறி மெலிந்தாலும் அது பற்றாமல் போய் இதே விளைவுதான் வரும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று எரியத் தவறினால் உள்ளே போகும் பெற்றோலில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. முதல் கராச்சுக்காரர் காற்று வரும் வழியைத் திறக்காமல் பெற்றோல் வரும் வழியை நெரித்திருக்கிறார். அளவைச் சரிப்படுத்தப்போய் வண்டியை நடுப்பாலத்தில் நிற்க வைத்த வைத்தியம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆரையம்பதியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் தாள்களை வாங்கி நிதானமாக வாசித்தார். "ரீச்சர், கடைசியா எப்ப பில்டர் கழட்டினீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மூடியைத் திறந்தபோது பில்டரின் மடிப்புகள் முழுவதும் உமியும் வைக்கோல் தூசும் அப்பிக் கறுத்துக் கிடந்தன. வெயிலுக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரியவில்லை. அடுத்து என்னை உள்ளே இருந்து சோக்கை இழுத்துத் தள்ளச் சொன்னார். கைப்பிடி முழுதாக உள்ளே போயிருந்தது, ஆனால் காபரேட்டரின் வாயில் இருந்த தகடு கால்வாசி மூடியபடியே நின்றது. உப்புக் காற்றில் சோக் கம்பி அதன் உறைக்குள் துருவேறி இறுகிவிட்டது. பல மாதங்களாகக் காற்று இரண்டு இடங்களில் அடைபட்டிருக்க, நான் பெற்றோல் செலவு கூடுகிறது என்று விலையை நொந்துகொண்டிருந்தேன்.

பில்டரும் சோக் கம்பியும் மாற்றினார். மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். ஒழுங்காக எரியும் எஞ்சினில் பிளக்கின் முனை இளம் மண்ணிறமாக இருக்க வேண்டும். என்னுடையவை கரி பிடித்திருந்தன, ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் வெடிப்பு. அவற்றையும் மாற்றினார். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒயிலையும் மாற்றச் சொன்னார். எரியாத பெற்றோல் ஒயிலில் இறங்கியிருந்தால், சூடேறும்போது அது ஆவியாகி எஞ்சினுக்கே திரும்பிப் போய் அளவுகளை மறுபடியும் ஏற்றும் என்று அவர் விளக்கியது எனக்குப் புதிய செய்தி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கலவைத் திருகாணியைத் தொட்டார். திருகாணியைக் கடைசியில் தொடுபவரே மெக்கானிக் என்று இப்போது எனக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. புகைக்குழாயின் இணைப்புகளில் பொத்தல் இருக்கிறதா என்றும் கையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பொத்தல் இருந்தால் வெளிக்காற்றுக் கலந்து அளவு பிழையாகும். அதைவிட முக்கியமாக, நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஓடும்போது வண்டிக்குள் சேரும்.

25 ஆம் திகதி மூன்றாம் பரிசோதனை, பத்து நிமிடத்தில் சித்தி. மெக்கானிக் சொன்னபடி அன்று எஞ்சினை ஆறவிடவில்லை: எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள் இருந்தபோதே எஞ்சினை எடுத்து, ஏசியை அணைத்து, மிதமான வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டேன். ஆறிய எஞ்சினோடு முதல் நாள் போனதும் என் பக்கத்துப் பிழை.

இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அன்றிரவு இணையம் வழியாகப் புதுப்பிக்க முயன்றபோது என் வாகனத்துக்குக் காப்புறுதி விவரம் இல்லை என்று வந்தது. காப்புறுதியைப் பெப்ரவரியில்தான் புதுப்பித்திருந்தேன், சான்றிதழும் வண்டிக்குள் இருந்தது. 27 ஆம் திகதி அரைநாள் லீவில் பிரதேச செயலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து "சிஸ்டத்தில இல்லை, மிஸ்" என்றார். சான்றிதழை நீட்டினேன், அதைக் கையில் வாங்காமலே, காப்புறுதிக் கம்பனியிடம் போகுமாறு சொன்னார். ஏன் இல்லை என்று கேட்டால் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அக்கா ஒருவர் சான்றிதழை வாங்கி, வாகனப் பதிவுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார். வண்டி இலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. மூன்றாந்தரப்புக் காப்புறுதியாவது இல்லாமல் வீதியில் வண்டி ஓட்டக்கூடாது என்பது சட்டம். ஒரு மாதத்துக்கு மேலாக, என் வண்டியின் இலக்கம் இல்லாத ஒரு தாளை நம்பி, பிள்ளைகள் சைக்கிளில் வரும் வீதிகளில் ஓட்டியிருக்கிறேன். பாலத்தில் அந்தப் பஸ் என் மீது மோதியிருந்தாலோ, நான் யார் மீதாவது மோதியிருந்தாலோ, அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரிடம் வாதாடுவது?

மறுநாள் காலை எட்டரைக்குக் கம்பனியின் கிளையில் இருந்தேன். பிழை தங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் திருத்தக் கையெழுத்திடும் அலுவலர் வெளியே போயிருந்தார். மூன்று மணித்தியாலம். எழுந்து போகாமல் அதே கதிரையில் இருந்தேன். இன்றே முடிவடைகிறது, நாளையிலிருந்து தண்டப்பணம் சேரும், அதை நீங்கள் கட்டுவீர்களா என்று இரண்டு தடவை மரியாதையாகக் கேட்டேன். பதினொன்றரைக்குப் பிறகு திருத்திய சான்றிதழ் வந்தது. கணினியில் மாற்றம் ஏறிவிட்டதா என்பதை அவர்களுடைய திரையிலேயே பார்த்த பின்னர்தான் எழுந்தேன். தாளை மட்டும் திருத்தித் தந்திருந்தால் செயலகத்தில் மறுபடியும் "சிஸ்டத்தில இல்லை" என்ற பதிலே கிடைத்திருக்கும்.

பிற்பகலில் செயலகத்தில் பழைய அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதிச் சான்றிதழ் மூன்றையும் கொடுத்தேன். பணம் கட்டிப் பத்திரம் கையில் வரக் கால் மணித்தியாலமே ஆனது. வாங்கியவுடன் கவுண்டரை விட்டு நகராமல் வாகன இலக்கத்தை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. வாசலில் நின்ற காரின் முன்கண்ணாடியில் அதை ஒட்டிவிட்டு, தொலைபேசியில் இரண்டு நினைவூட்டல்கள் போட்டேன்: ஒன்று சிறுபோக அறுவடை முடிந்ததும் பில்டரைத் திறந்து பார்க்க, மற்றது அடுத்த பெப்ரவரி 28 ஆம் திகதி புகைப் பரிசோதனைக்குப் போக.