சுமார் 35

போன மாதம் ஒரு பி.ஜி. டாக்டரம்மா ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். தீசிஸுக்குப் பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்கள் வேண்டுமாம். வயது, பாலினம், திருமணம், படிப்பு, தொழில், ஊர் என ஆறு கட்டம் போதும் என்றார். அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் 22 வருடமாக அந்தக் கட்டங்களை நிரப்புகிறவன் நான். அந்தப் 'போதும்' கொஞ்சம் உறுத்தியது. சரி என்று தூசி தட்டிக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியே வயதில் வந்தது. "சார், என்ன இத்தனை பேருக்குச் சுமார் 35ன்னு போட்டிருக்கு?"

போலீஸ் கூட்டிவருகிறவர்களின் வயது யாருக்குத் தெரியும்? டியூட்டி டாக்டர் முகத்தைப் பார்த்து ஒரு வயது சொல்வார், நான் எழுதுவேன். தெருவில் அலைந்த முகம் மூப்பாகத்தான் தெரியும். முடி வெட்டிக் குளிப்பாட்டி, பத்து நாள் வேளாவேளைக்குச் சாப்பிட்ட பிறகு பார்த்தால் 25 சொல்லலாம். ரிஜிஸ்டரில் 35 போட்டால் போட்டதுதான்.

திருமணக் கட்டம் இன்னொரு ரகம். ஆண்கள் பக்கத்தில் 'ஆகவில்லை' வரிசையாக இறங்கும். பெண்கள் பக்கத்தில் 'பிரிந்து வாழ்பவர்'. ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதை ஒட்டியே தலைகாட்டிவிடும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளி வரும். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் முடிந்து, கையில் ஒரு பிள்ளையும் இருக்கும். நோய் தெரிந்ததும் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பையனுக்கு நோய் என்றாலும் அம்மாதான் வருகிறார், பெண்ணுக்கு என்றாலும் அம்மாதான். கணவர் வந்து நின்றால் சிஸ்டர்களே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

தொழில் கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆணென்றால் கூலி, பெண்ணென்றால் இல்லத்தரசி. பஸ் ஸ்டாண்டில் மூன்று வருடம் படுத்துக் கிடந்தவரையும் இல்லத்தரசி என்று எழுதியிருக்கிறேன்.

டாக்டரம்மா வேண்டாமென்று விட்ட கட்டம் ஒன்று உண்டு: 'அழைத்து வந்தவர், உறவு'. எத்தனை வருடம் இங்கே இருப்பார் என்று எனக்குச் சொல்வது அந்தக் கட்டம்தான். அம்மா என்றிருந்தால் சில வாரம். அண்ணன் என்றிருந்தால், அண்ணி என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். காவல் நிலையம் என்றிருந்தால் கேஸ் ஷீட்டுக்குத் தடிமனான அட்டையாகப் போட்டுவிடுவேன். வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2019இல் நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், மூன்றில் ஒருவருக்கு மேல் ஓராண்டைத் தாண்டித் தங்கியிருந்தார்கள்.

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டில் பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. அது வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. கதவைத் தட்ட வீடே இல்லாதவர்கள் அதில் எப்படி வருவார்கள்?

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா ரிஜிஸ்டரின் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். "சார், இங்கே அடிச்சு எழுதியிருக்கீங்களே?"

மொழிக் கட்டம். கை என்னுடையதுதான். ரயிலில் வந்து இறங்கிய ஒரு பெண். அவர் பேசியது எங்கள் யாருக்கும் புரியவில்லை. வடக்கத்திக்காரர் என்று நானாக 'இந்தி' என்று எழுதிவிட்டேன். இந்தி தெரிந்தவர்களை வைத்து இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. நோய் முற்றிவிட்டது, பேச்சு கோர்வையாக இல்லை என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. ஆறு வருடம் கழித்து, கூட வேலை பார்ப்பவரைச் சேர்க்க வந்த கட்டட வேலைப் பையன் ஒருவன், வராந்தாவில் அவர் முனகியதைக் கேட்டு ஒடியாவில் ஏதோ சொன்னான். அந்த அம்மா எழுந்துவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர், அப்பா பெயர், பக்கத்து ஸ்டேஷன் எல்லாம் அன்று மதியமே கிடைத்தது. வயது 41 என்றும் அவரே சொன்னார்.

ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் கூடாது. சிவப்பு மையில் 'ஒடியா' என்று மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். அதற்கு மெமோவும் வாங்கினேன்.

டாக்டரம்மா லேப்டாப்பைப் பார்த்தார். "சார், இவங்க வயசுக்கு எதைப் போடட்டும்?"

சேர்ந்தபோது உண்மையில் என்ன வயது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். 35தான்.