பினாங்கு நாட்குறிப்பு: சரோங்கும் சாதிக்காயும்

2019 செப்டம்பர் 12, வியாழன்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில், குயின் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலை 1833-இல் கட்டியிருக்கிறார்கள். அதன் பின்பக்கத் தெருவுக்கு வந்தால், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலில் ஆளுயர ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருக்கின்றன. அதே தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இருக்கிறது. ‘கிளிங்’ என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பர். இன்று ஒரு தமிழரை அச்சொல்லால் அழைத்தால் வசையென்றே கொள்வார். பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது மதிப்போடு நிற்கிறது.

மார்க்கெட் தெருத் துணிக்கடையில், “பசியாறியாச்சா அக்கா?” என்று கேட்டுக்கொண்டே பெரியவர் ஒருவர் மெழுகுச் சாய வேலைப்பாடுள்ள பாத்தேக் சரோங்கை விரித்துக் காட்டினார். முப்பது வெள்ளி என்றதும் ஒரு கணம் திகைத்தேன். இங்குள்ள தமிழருக்கு மலேசிய நாணயமான ரிங்கிட் என்பது வெள்ளி என்று பிறகுதான் உறைத்தது. ஐந்து வெள்ளி குறைத்துக் கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர, குறைக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்த நேரத்தில் நாசி கண்டார் கடைக்குப் போனதால் வரிசை தெருவரை நீண்டிருந்தது. சோற்றையும் குழம்பையும் காவுதடியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுத் திரிந்த தமிழ் முஸ்லிம்களின் உணவு இது. ‘கண்டார்’ என்பது அந்தக் காவுதடியையே குறிக்கிறது. எனக்கு முன்னால் நின்ற சீன இளைஞர் ‘பாஞ்சிர்’ என்றார். மலாயில் வெள்ளம் என்று பொருள். பரிமாறியவர் கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, பருப்பில் அரைக் கரண்டி என்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஊற்ற, சோறு கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிவிட்டது. சாம்பார், ரசம், மோர் என்று வரிசை தவறாமல் உண்டு வளர்ந்த எனக்கு அது முறைகேடாகவே பட்டது. ஆயினும் நானும் பாஞ்சிர் என்றே கேட்டேன். பாதித் தட்டில் ஆட்சேபம் கரைந்துவிட்டது. விலை கேளாமல் மீன்சினையைச் சுட்டிக் காட்டியதற்குக் கல்லாவில் தண்டம் கட்டினேன்.

செப்டம்பர் 14, சனி

சௌராஸ்தா சந்தையில் ஊறவைத்த பழங்களின் வாடை வாசலிலேயே மூக்கைப் பிடித்தது. எங்கள் வீட்டில் சாதிக்காய் என்றால் கொட்டையும் சாதிபத்திரியும்தான். இங்கே அதைச் சுற்றியுள்ள சதையைத்தான் கொண்டாடுகிறார்கள். சீன மூதாட்டி ஒருவர் பிளந்த பழத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: வெளிறிய சதை, நடுவில் கரும்பழுப்புக் கொட்டை, அதைப் பற்றிய செந்நிற வலை. சதையைச் சர்க்கரையில் ஊறவைத்து ஈரமாகவும், காயவைத்து உலர்வாகவும் விற்கிறார்கள். ஒரு துண்டை மென்றபோது, முதலில் இனித்து, பிறகு நாக்கின் ஓரத்தில் மருந்துபோலச் சுறுசுறுத்தது. இரண்டிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கினேன்.

மதியம் அசாம் லக்சா என்னும் புளிப்பு நூடுல்ஸ். அயிலை மீனும் புளியும் சேர்ந்த சாறு நம் புளிக்குழம்பை நினைவூட்டியது. அதன்மேல் அன்னாசித் துண்டும் புதினாவும் கிடந்தது மட்டும் அந்நியம். இறால் விழுதை அதில் கலக்கத் துணிவு வரவில்லை.

இரவில் பெட்டியைத் திறந்தேன். ஈரச் சாதிக்காயின் பாகு கசிந்து, முப்பது வெள்ளிச் சரோங்கின் ஓரத்தில் உள்ளங்கையளவு கறை. இரண்டு முறை அலசிவிட்டேன். மணம் இன்னும் போகவில்லை.