பாதிச் சாக்கு

இன்னிக்கும் வெள்ளச்சி கோணிச்சாக்குல பாதி இடம் விட்டுத்தான் படுத்திருந்தா.

14 வயசுப் பூனை. மறுபாதி கருப்பனோடது. தை மாசம் அவன் போயிட்டான். குறுவைக்குத் தண்ணி திறந்து, நீடாமங்கலத்துல வெண்ணாறு கரை தொட்டு ஓடுது. இவ இன்னும் அந்த இடத்துல கால் வைக்கல.

தாத்தா போன பிறகு அப்பாயியும் பாயில ஓரமாத்தான் படுத்தாங்க.

வெள்ளச்சி ராத்திரி கத்த ஆரம்பிச்சதும் கால்நடை டாக்டர்கிட்டதான் முதல்ல போனேன். வயசான பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு, தைராய்டுன்னாலும் இப்படிக் கத்துமாம். பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல.

"குட்டி ஒண்ணு கொண்டாந்து விடு"ன்னாங்க அத்தை. எனக்கு மனசு ஒப்பல. குட்டி மேல தாவும், வாலைக் கடிக்கும். திண்ணை ஏறவே ரெண்டு தரம் யோசிக்கிறவ அதைத் தாங்குவாளா? அவளுக்கு வேண்டியது விளையாட்டு இல்ல, பக்கத்துல ஒரு சூடு.

ரைஸ் மில்லுல வளர்ந்த ஏழெட்டு வயசுப் பூனை ஒண்ணு கிடைச்சிருக்கு. ரொம்ப சாது. நெல்மூட்டை அறையில தனியா வச்சிருக்கேன். கதவுக்கு அந்தப் பக்கம் அதுக்குச் சோறு, இந்தப் பக்கம் இவளுக்கு. முகம் பார்க்கிறதுக்கு முன்னாடி வாசனை பழகணும். அதனால அது படுத்த துண்டை இவகிட்ட போட்டேன்.

முதல் நாள் சீறினா. நேத்து சுத்திப் போனா.

இன்னிக்குச் சாயங்காலம் துண்டை எடுக்கப் போனேன். முன்னங்காலை அதுமேல வச்சு அழுத்திக்கிட்டா.

கதவை இன்னும் திறக்கல.